கொழும்புக் கூட்டத்துக்குக் கொண்டுபோன ஒற்றைத் தாள்

யாழ்ப்பாணத்தில் உருளைக்கிழங்கு வைக்கிறவருக்கு ஒரு வருடம் இலாபமா நட்டமா என்பதில் பாதி தோட்டத்தில் தீர்மானமாகிறது, மீதி கொழும்பில். மாரி மழை ஓய்கிற நேரம் பார்த்துக் கார்த்திகைக் கடைசியிலோ மார்கழியிலோ நடுகிறோம். மாசி, பங்குனியில் கிண்டுகிறோம். எல்லாருடைய கிழங்கும் ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான் சந்தைக்கு வரும். அந்த வாரங்களில் இறக்குமதிக் கிழங்குக்கு எவ்வளவு வரி இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சுன்னாகச் சந்தையில் எங்கள் விலை நிற்கும், இல்லையேல் விழும். பத்திரிகைகளில் விசேட பண்ட வரி என்று எழுதுவார்களே, அதுதான். 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. நிதி அமைச்சரின் ஒரு வர்த்தமானி போதும், அதைக் கூட்டவும் குறைக்கவும். கிழங்கு நிலத்துக்குள் இருக்கும்போதே அது மாறிவிடலாம்.

நான் ஒரு கமக்காரர் கூட்டுறவுச் சங்கத்தில் திட்ட உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். மரக்கறி, கிழங்கு, வெங்காயச் செய்கையாளர்களின் கருத்தைக் கேட்கக் கொழும்பில் சில கூட்டங்கள் வைக்கிறார்கள், மாவட்டத்திலிருந்து இரண்டு பேர் வரலாம் என்று எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. சங்கத் தலைவரும் நானும் போனோம். அவர் உரும்பிராயில் செம்மண் தோட்டம் செய்கிறவர், எழுபதைத் தாண்டிய ஐயா. அதற்கு முன்னர் நான் கொழும்புக்குப் போனதெல்லாம் கலியாண வீட்டுக்கும் விமான நிலையத்துக்கும்தான். அடுத்ததாகப் போகிற ஆட்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எங்கள் பக்கத்துக் கமக்கார அமைப்புகளுக்கு இப்படியான அழைப்பு அடிக்கடி வருவதில்லை. வரும்போது வெறுங்கையோடு போய்த் திரும்பினால் அடுத்த போகமும் போய்விடும்.

அழைப்பு வந்ததும் சங்கத்துக்குள் எழுந்த முதற் கேள்வி, போய் என்ன பயன் என்பதுதான். கேட்டவர்களில் நான் பிழை காணவில்லை. 2021 மே மாதத்தில் இரசாயன உரம், பூச்சிநாசினி இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். நவம்பரில் அந்தத் தீர்மானத்தை மீளப் பெற்றார்கள். அதற்கு இடையிலான மாதங்களில் யூரியாவுக்காக அலைந்தவர்கள் எங்கள் அங்கத்தவர்கள். அடுத்த வருடம் ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. எங்களுக்கு வருடம் முழுக்க ஓடும் ஆறும் இல்லை, பாரிய குளமும் இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிய மழைத் தண்ணீரைக் கிணற்றிலிருந்து இறைத்துத்தான் பயிர் செய்கிறோம். மண்ணெண்ணெய் மெசின் வைத்திருந்தவர்களுக்கு அந்த விலை எப்படி இடித்திருக்கும் என்பதை இறைப்புக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. இந்த இரண்டையும் மேசையைச் சுற்றி இருந்து தீர்மானித்தவர்கள் யாரும் எங்கள் ஒழுங்கையால் வந்தவர்கள் அல்ல. அப்படியானால் நாங்கள்தான் அந்த மேசைக்குப் போக வேண்டும் என்று ஐயா கூட்டத்தில் எழுந்து சொன்னார். அதோடு பேச்சு முடிந்தது.

எங்களுடைய குறைகளை எல்லாம் எழுதச் சொன்னபோது கொப்பி நிறைந்தது. வரி, விதைக்கிழங்கு, உரம், மின்கட்டணம், சந்தையில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோவைக் கழித்துவிட்டுக் காசு தரும் கழிவு, குரங்கு, கட்டாக்காலி மாடு. எல்லாம் உண்மையான குறைதான். ஆனால் எந்தக் குறைக்கு எந்தக் கதவு என்று பிரித்துப் பார்க்காமல் கொண்டுபோனால், அது எங்களுக்குரிய விஷயம் இல்லை என்ற பதிலோடு திரும்ப வேண்டி வரும். எங்களுக்கு முன்னர் போய் வந்த வேறு சங்கத்தார் சொன்னதும் இதைத்தான். அதனால் ஒரு பின்னேரம் முழுக்க இருந்து பிரித்தோம்.

இறக்குமதி வரி நிதி அமைச்சின் கையில் இருக்கிறது. விவசாய அமைச்சு பரிந்துரைக்கலாம், கையெழுத்து அங்கேதான். விதைக்கிழங்கு பேராதனையில் இருக்கும் விவசாயத் திணைக்களத்தோடும், வெளிநாட்டிலிருந்து வருவதானால் கட்டுநாயக்கத் தாவரத் தொற்றுக்காப்பு நிலையத்தோடும் சம்பந்தப்பட்டது. உர மானியமும் கமக்கார அமைப்புப் பதிவும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் வேலை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் அதற்குரியது. எங்கள் ஊர் விவசாயப் போதனாசிரியர்கள் மாகாணத் திணைக்களத்தைச் சேர்ந்தவர்கள், அவர்களைப் பற்றிக் கொழும்பில் பேசிப் பயனில்லை. மின்கட்டணம் என்றால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. கட்டணம் மாற்றும் முன் அவர்கள் பொதுமக்கள் கருத்தைக் கேட்பார்கள், எழுதிக் கொடுக்கலாம். சந்தைக் கழிவு பிரதேச சபையோடு பேச வேண்டியது, அதற்குப் பஸ் ஏறவே தேவையில்லை. இப்படிப் பிரித்தபின் கொழும்புக்குரியதாக மிஞ்சியவை இரண்டு. ஒன்று வரியின் திகதி, மற்றது விதைக்கிழங்கு வந்துசேரும் திகதி. இரண்டுமே திகதிப் பிரச்சினைகள் என்பது அப்போதுதான் எங்களுக்கே தெளிவாகத் தெரிந்தது.

விதைக்கிழங்கின் திகதி ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொழும்பில் அதைத்தான் திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருந்தது. உருளைக்கிழங்கு குளிர்தேசத்துப் பயிர். கிழங்கு இறங்க இரவுக் குளிர் வேண்டும். யாழ்ப்பாணத்தில் அந்தக் குளிர் மார்கழியிலும் தையிலும்தான் கிடைக்கிறது, மாசி பிற்பகுதியில் வெயில் ஏறத் தொடங்கிவிடும். நுவரெலியாவில் நடுகை இரண்டு கிழமை பிந்தினால் சமாளிக்கலாம். இங்கே பிந்தினால் அந்தக் குளிரில் இரண்டு கிழமையை இழக்கிறோம், செடி பச்சையாக நிற்கும், கீழே கிழங்கு சிறுத்துப் போகும். முந்தவும் முடியாது, கார்த்திகை மழைக்குள் நட்டால் விதை அழுகும். ஆக, விதை தோட்டத்துக்கு வந்துசேர வேண்டிய காலம் மிகக் குறுகியது. இது நாட்டின் ஏனைய கிழங்குப் பிரதேசங்களுக்கு இல்லாத நெருக்கடி.

அடுத்தது அளவை. எங்கள் தரவு முழுவதும் பரப்பிலும் அந்தரிலும் இருந்தது. பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். அமைச்சுகளில் ஏக்கரும் இல்லை, ஹெக்டேயரிலும் மெற்றிக் தொன்னிலும்தான் பேசுவார்கள். நான் தட்டச்சு செய்து கொடுத்த முதற் பிரதியை ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் தடவித் தடவி வாசித்தார்.

“பிள்ளை, உதிலை ஹெக்டேயர் எண்டு கிடக்குது. எங்கடை சனத்துக்கு உது விளங்காது.”

“அவைக்கு எங்கடை பரப்பு விளங்காது ஐயா.”

“அப்ப ரெண்டையும் போடு. கணக்கு நான் சொல்லுறன்.”

கணக்கை மனதிலேயே போட்டார். பரப்புக்கு ஏறத்தாழ ஒரு அந்தர் விதை, அதாவது ஐம்பது கிலோ. ஒரு ஹெக்டேயருக்கு நாற்பது பரப்பு என்று வைத்தால் நாற்பது அந்தர், இரண்டு தொன். நான் கைப்பேசியில் தட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. பிறகு செலவையும் அப்படியே மாற்றினோம். விவசாயத் திணைக்களம் போகந்தோறும் பயிர்களின் செய்கைச் செலவை மாவட்ட வாரியாகக் கணக்கெடுத்து வெளியிடுகிறது. எங்கள் அங்கத்தவர்களின் செலவுக் கொப்பிகளை அதோடு ஒப்பிட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம். இது பெரிதும் கைகொடுத்தது. நாங்கள் மட்டும் சொல்லும் எண்ணை ஒரு அதிகாரி சந்தேகப்படலாம். தன் திணைக்களமே அச்சிட்ட எண்ணை அவர் விலத்திப் போக முடியாது.

கடைசியில் எல்லாவற்றையும் ஒரு தாளின் ஒரு பக்கத்துக்குள் அடக்கினோம். தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. சிங்களப் பிரதியைச் சங்கத்து அங்கத்தவர் ஒருவருக்குத் தெரிந்த ஆசிரியை எழுதித் தந்தார். தொழில்நுட்பச் சொற்களை மட்டும் ஒரு போதனாசிரியரிடம் காட்டிச் சரிபார்த்தோம். மேலே கோரிக்கை, நடுவில் காரணம், கீழே எண்கள், அடியில் சங்கத்தின் பதிவு இலக்கமும் தொலைபேசி இலக்கமும். கோரிக்கையை மேலே போடுவதற்கு ஐயா இலேசில் சம்மதிக்கவில்லை. அவருக்குக் கதை 1970களில் தொடங்க வேண்டும். இறக்குமதி கட்டுப்பாட்டில் இருந்த அந்த வருடங்களில் மிளகாயாலும் வெங்காயத்தாலும் கல்வீடு கட்டியவர்கள், 1977க்குப் பிறகு சந்தை திறந்து விலை விழுந்தது, அதன் பின் போர், இடப்பெயர்வு, இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன தோட்டங்கள். இவை அனைத்தையும் தன் உடம்பால் கண்டவர் அவர். அந்த வரலாறு அந்த அறைக்கும் தெரிய வேண்டும் என்றே நானும் நினைத்தேன். ஆனால் மாவட்டத்துக்கு இரண்டு நிமிடம் என்று அழைப்பிலேயே எழுதியிருந்தது. முதலில் கேட்பதைக் கேட்டுவிடுவோம், நேரம் மிஞ்சினால் கதை, மிஞ்சாவிட்டால் தேநீர் நேரத்தில் கதை என்று முடிவு செய்தோம்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இரவு பஸ் ஏறினால் வவுனியா, புத்தளம் வழியாக விடியுமுன் வெள்ளவத்தையில் இறக்கிவிடும். ஏசி பஸ் என்றால் வயதானவர்களுக்குப் போர்வை கட்டாயம். ரயிலில் போவதானால் இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். எங்களுக்கு மாமி வீடு இருந்தது. இல்லாதவர்களுக்கும் வெள்ளவத்தையில் தமிழ் பேசும் தங்குமிடங்களும் சைவக் கடைகளும் கிடைக்கும். விலை கேட்டுவிட்டு அறை எடுங்கள். கூட்டம் நடக்கும் அன்று காலை வந்திறங்கி நேரே போவதைவிட, ஒரு நாள் முந்தி வந்துவிடுவதே நல்லது. இரவு முழுக்கக் குலுங்கி வந்த உடம்போடு இருந்தால் இரண்டாம் மணித்தியாலத்தில் காதில் ஒன்றும் ஏறாது.

ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கொழும்பு என்று கடிதத்தில் இருந்தாலும் பல அமைச்சுகள் கொழும்பு நகருக்குள் இல்லை. நாடாளுமன்றம் 1982இல் கோட்டேக்குப் போனபின் அலுவலகங்களும் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் போய்விட்டன. விவசாய அமைச்சு பத்தரமுல்லையில் இருக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியால் கொள்ளுப்பிட்டிக்குப் போய், அங்கே கடுவெல போகும் 177ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் ராஜகிரிய வழியாகப் பத்தரமுல்லையில் இறங்கலாம். காலையில் அந்தப் பாதை நெருக்கம். எட்டரைக்குக் கூட்டம் என்றால் ஆறரைக்கே புறப்பட வேண்டும். மற்றப் பக்கம் நிதி அமைச்சு கொழும்பு நகரின் கோட்டைப் பகுதியில், கடற்கரைக்குக் கிட்ட. கமநல அபிவிருத்தித் திணைக்களம் கொழும்பு 7இல். ஒரே நாளில் இந்த மூன்றுக்கும் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஓட்டோ பிடிப்பதானால் கைப்பேசிச் செயலியில் பிடியுங்கள், இடத்தை விளக்கத் தேவையில்லை, விலையும் முன்னரே தெரியும். தேசிய அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருங்கள், வாசலில் அதை வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். திரும்பும்போது அதை எடுக்க மறக்காதீர்கள். பற்றுச்சீட்டுகள் ஒவ்வொன்றையும் சேர்த்து வையுங்கள், சங்கக் கணக்குக்கு வேண்டும்.

முதற் கூட்டம் நடந்த அறையில் நீள்வட்ட மேசை ஒன்று இருந்தது, அதில் ஒவ்வோர் இருக்கைக்கும் ஒரு ஒலிவாங்கி. மாவட்டங்களிலிருந்து வந்தவர்களுக்குச் சுவரோரக் கதிரைகள். சுவரோரம் இருப்பவர் பேச வேண்டுமானால் எழுந்து, யாராவது ஒருவரின் தோளுக்கு மேலால் குனிந்து, அவருடைய ஒலிவாங்கியை அழுத்த வேண்டும். எழுபது வயதுக்காரருக்கு அது மரியாதையான நிலை இல்லை. கூட்டம் தொடங்க முன்னர் நான் ஒழுங்குபடுத்தும் உத்தியோகத்தரிடம் போய், ஐயாவுக்குக் காது சற்று மந்தம், மேசையில் ஒரு இடம் தர முடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். உடனே தந்தார். கேட்டால் தருவார்கள். கேட்காவிட்டால் யாரும் வந்து தர மாட்டார்கள், அதற்குக் கெட்ட எண்ணம் காரணமும் இல்லை. மேசையில் இருந்தவர்கள் சொன்னவைதான் அன்று அதிகம் எழுதப்பட்டன என்பதை நான் கண்ணால் கண்டேன்.

மொழிதான் மிகப் பெரிய விஷயம். கூட்டம் சிங்களத்தில் நடந்தது, திரையில் ஆங்கிலம் ஓடியது. தமிழ் மொழிபெயர்ப்பு வேண்டும் என்று நாங்கள் இரண்டு கிழமை முன்னரே கடிதம் எழுதியிருந்தோம், பிரதியும் கையில் இருந்தது. ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் இல்லை. அந்த நேரத்தில் மனம் கொதித்ததை மறைக்க மாட்டேன். தமிழ் இந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று. 1987இன் 13ஆம் திருத்தத்தோடு அது அரசியலமைப்பில் எழுதப்பட்டுவிட்டது. அரச அலுவலகத்தோடு தமிழில் பேசவும் பதில் பெறவும் அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் உரிமை தருகிறது. ஐயாவைப் போன்ற ஒருவர் நானூறு கிலோமீற்றர் வந்து, தன் தொழிலைப் பற்றிப் பேசுவதை விளங்காமல் இருப்பது எந்த வகையிலும் சரியில்லை. நான் கடிதத்தின் பிரதியைக் காட்டி, இதைக் கூட்டக் குறிப்பில் பதியுங்கள் என்று கேட்டேன். தலைமை தாங்கியவர் ஏற்றுக்கொண்டார். பின்வரிசையில் இருந்த ஒரு இளம் உத்தியோகத்தர், மலையகப் பிள்ளை, தானாக எழுந்து வந்து ஐயாவுக்குப் பக்கத்தில் இருந்து மெதுவான குரலில் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் அன்று செய்தது அவருடைய வேலை அல்ல. அவருக்கு எங்கள் சங்கம் முழுவதும் கடமைப்பட்டிருக்கிறது.

போகிறவர்கள் கோரிக்கைக் கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள், பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பிரதி வைத்திருங்கள். அதோடு நிற்காமல் சொந்தச் சிங்களப் பிரதியையும் கொண்டு போங்கள். உரிமையைக் கேட்பது ஒரு பக்கம், அன்றைய கூட்டம் வீணாகாமல் பார்ப்பது இன்னொரு பக்கம். இரண்டும் வேண்டும்.

ஐயா தமிழில்தான் பேசினார். “வாற மாசி முதலாந் திகதியிலையிருந்து சித்திரை நடுப்பகுதி மட்டும் வெளிநாட்டுக் கிழங்குக்கு வரியைக் குறைக்கக் கூடாது. அதை நாங்கள் நடுறதுக்கு முன்னம், ஐப்பசிக்குள்ளை அறிவிக்க வேணும். அறிவிச்சால்தான் எவ்வளவு நடுறதெண்டு நாங்கள் முடிவெடுக்கலாம்.” அவ்வளவுதான். மொழிபெயர்த்து முடிந்ததும் இரண்டு நிமிடம் ஆகியிருக்கவில்லை. மேசையில் இருந்தவர்கள் தாளைப் பார்த்தார்கள், திகதியை வட்டமிட்டார்கள். அதற்கு முன்னர் பேசிய சிலர் நீண்ட நேரம் குறைகளைச் சொன்னார்கள், நியாயமான குறைகள். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. குறிப்பெடுத்தவரின் பேனை அப்போது ஓடவில்லை.

பதிலாக வந்த கேள்வி நேர்மையானது. வரி கூடினால் கொழும்பில் கூலி வேலை செய்கிறவரின் கறிச்சட்டிக்கும் விலை கூடும், அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியை நாங்கள் எதிர்பார்த்திருந்தோம், அதனால்தான் வருடம் முழுவதற்கும் கேட்கவில்லை. உள்ளூர்க் கிழங்கு சந்தையில் நிறைந்திருக்கும் வாரங்களுக்கு மட்டும் கேட்கிறோம், அந்த வாரங்களில் வாங்குபவருக்கும் தட்டுப்பாடு வராது என்று சொன்னேன். இன்னொன்றையும் சொன்னேன். 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது, அடுத்த மே மாதம் வரை அது நீடித்தது. அந்த மாதங்களில் இங்கே பெரிய வெங்காயம் என்ன விலைக்கு விற்றது என்பது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் நினைவிருந்தது. உள்ளூர்ச் செய்கைக்காரர் தோட்டத்தைக் கைவிட்டுப் போனால் அப்படியான வேளையில் நுகர்வோரைக் காப்பாற்ற யாரும் இருக்க மாட்டார்கள். இது எங்களுக்காக மட்டும் கேட்கும் வாதம் இல்லை என்பதை நான் முழுமனதாக நம்புகிறேன்.

தேநீர் நேரத்தில் நடந்ததுதான் முழுப் பயணத்திலும் பெறுமதியானது. மலைநாட்டு வெலிமடையிலிருந்து வந்திருந்த ஒரு சிங்களக் கமக்காரர் எங்களிடம் வந்தார். தோட்டப் பகுதிக்குப் பக்கத்தில் வளர்ந்தவர், தமிழ் நன்றாகப் பேசினார். “நங்கி, ஒங்க பேப்பர் ஒண்ணு குடுங்க” என்று என்னிடம் வாங்கி வாசித்துவிட்டு, ஐயாவைப் பார்த்து, “ஐயா, நாங்களும் இதே வரியத்தான் கேக்குறோம், ஆனா மாசம் வேற” என்றார். அவர்கள் வயலில் நெல்லை வெட்டியபின் சிறுபோகத்தில் கிழங்கு வைக்கிறார்கள், ஆவணி, புரட்டாதிப் பக்கம் கிண்டுகிறார்கள். மாசியில் எங்களுக்காக வரியைக் கூட்டினால் அவர்களுக்கு நட்டமில்லை, ஆவணியில் அவர்களுக்காகக் கூட்டினால் எங்களுக்கும் இல்லை. ஆனால் இரண்டு தரப்பும் தனித்தனியாகக் கேட்டால், கமக்காரருக்குள்ளேயே ஒற்றுமை இல்லை, ஒருவர் இந்த மாதம் என்கிறார், மற்றவர் அந்த மாதம் என்கிறார் என்று கோப்பை மூடி வைத்துவிடலாம்.

அங்கேயே, பிஸ்கட் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, தாளின் பின்பக்கத்தில் பன்னிரண்டு கட்டங்கள் கீறினோம். தை முதல் மார்கழி வரை. முதல் வரிசையில் யாழ்ப்பாணத்துக் கிழங்கு, அதற்குக் கீழே வெலிமடைக் கிழங்கு. மாத்தளையிலிருந்து வந்த ஒருவரைக் கூப்பிட்டு அவர்களுடைய பெரிய வெங்காயத்தின் மாதத்தையும் கேட்டு மூன்றாவது வரிசையில் போட்டோம். நான்காவது வரிசையில் எங்கள் சின்ன வெங்காயம். கிண்டும் மாதங்களை ஐயா பேனையால் கறுப்பாக நிரப்பினார். நிரப்பி முடிந்ததும் பார்த்தால் கிழங்குக்கு இரண்டு தனித்தனிக் காலம், நடுவில் தாராளமாக இடைவெளி. இறக்குமதிக்கு எந்த மாதங்களில் வழிவிடலாம் என்பதும் அதிலேயே தெரிந்தது. இதைப் போல ஒரு படத்தை அதுவரை யாரும் அந்த அறையில் காட்டியிருக்கவில்லை. பெரும்போகம், சிறுபோகம் என்ற நெல்லின் கணக்கில் மட்டும் வருடத்தைப் பிரித்துப் பார்த்துப் பழகியவர்களுக்கு, மாரிக்கும் கோடைக்கும் நடுவில் கிணற்றுத் தண்ணீரில் ஓடும் எங்கள் தோட்டக் காலம் கண்ணில் படுவதே இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு அந்தப் படத்தைச் சுத்தமாகக் கீறி, மூன்று மாவட்டக்காரரும் கையெழுத்து வைத்துக் கொடுத்தோம். அன்று எங்களிடம் கேட்ட கேள்விகள் வேறு மாதிரி இருந்தன. எத்தனை கிழமை, எந்தத் திகதியிலிருந்து, மழை பிந்திய வருடத்தில் எப்படி மாற்றுவது என்று கேட்டார்கள். விதைக்கிழங்கு விஷயத்தில் கார்த்திகை நடுப்பகுதிக்குள் அது யாழ்ப்பாணத்துக்கு வந்திருக்க வேண்டும் என்பதைத் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவிப்பதாகச் சொன்னார்கள். வாக்குறுதி என்று இதை நான் ஊரில் வந்து சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அறிவிப்பதாகச் சொன்னார்கள் என்றுதான் சொன்னேன். கூட்டத்துக்குப் போய் வந்தவர்கள் ஊரில் கூட்டிச் சொல்வதால் பிறகு வரும் ஏமாற்றம் சங்கத்தின் மீதே விழுகிறது.

ஊருக்கு வந்தபின் செய்த வேலை, போய்ச் செய்ததைவிடக் குறைந்ததல்ல. திரும்பிய கிழமையே நன்றிக் கடிதம் ஒன்று அனுப்பினோம், அதில் எங்களுடைய விளக்கத்தின்படி தீர்மானமானவை இவை என்று வரிசையாக எழுதினோம். கூட்டக் குறிப்பு வர நாள் எடுத்தது. அப்படித் தாமதமானால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம், பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். எங்களுக்கு அந்தளவுக்குத் தேவைப்படவில்லை, தொலைபேசியில் கேட்டதும் அனுப்பிவிட்டார்கள். சிங்களத்தில் வந்த குறிப்பை மொழிபெயர்த்துப் பார்த்தபோது, வரிக் காலம் மாசி, பங்குனி என்று மட்டும் இருந்தது. ஐப்பசிக்குள் அறிவிக்க வேண்டும் என்ற பகுதி விடுபட்டிருந்தது. எங்களுக்கு முக்கியமானதே அதுதான். தாளின் பிரதியை இணைத்துத் திருத்தம் கேட்டு எழுதினோம், அடுத்த கூட்டக் குறிப்பில் அது சேர்ந்தது. குறிப்பை வாசிக்காமல் கோப்பில் போட்டிருந்தால் அந்த ஒரு வரி இல்லாமலே போயிருக்கும்.

இப்போது ஐயாவும் நானும் அந்தப் பன்னிரண்டு கட்டத்துக்குள் விலையையும் போட முயற்சிக்கிறோம். எந்த மாதத்தில் என்ன விலைக்கு விற்றது என்று வருடக்கணக்காகக் காட்டினால் அடுத்த முறை பேச்சு இன்னும் இலகுவாகும். கொழும்பு விலையை ஆராய்ச்சி நிறுவனங்கள் ஒழுங்காகப் பதிகின்றன. சுன்னாகம், மருதனார்மடம், திருநெல்வேலி, கொடிகாமம் சந்தைகளில் தோட்டக்காரர் கைக்கு வந்த விலை அவர்களுடைய வீட்டு றாக்கைகளிலும் பழைய கொப்பிகளிலும்தான் கிடக்கிறது. உங்களிடம் கிழங்கோ வெங்காயமோ விற்ற பழைய பற்றுச்சீட்டுத் துண்டுகள் இருந்தால், எந்த வருடத்தினதாக இருந்தாலும், திகதியும் கிலோவும் விலையும் தெரிகிற மாதிரி இருந்தால் போதும், உங்கள் ஊர்க் கமக்கார அமைப்பின் செயலாளரிடம் கொடுத்துப் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். கசங்கியிருந்தாலும் பரவாயில்லை. கழிவு வெட்டிய கணக்கு அதில் இருந்தால் அதையும் அப்படியே விடுங்கள், பிரதேச சபைக்குப் போகும்போது அது தேவைப்படும்.